அகப்பக்கம் புது ஹோஸ்டிங்குக்குப் போகிறது, கடை இமெயில் நிற்காமல் இருக்க வழி?

சிப்புட் சாமான்கடை:
சுங்கை சிப்புட்டில் தோட்டங்களுக்குச் சாமான் போடும் கடை எங்களுடையது. செம்பனை அரிவாள், கையுறை, பூட்ஸ், மருந்தடிக்கும் பம்பு எல்லாம் உண்டு. ஆர்டர் தோட்ட ஆபீஸிலிருந்து இமெயிலில்தான் வரும். கிராணி (ஆபீஸ் எழுத்தர்) ஒரு தடவை அனுப்புவார். பதில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இமெயிலும் அகப்பக்கமும் ஒரே ஹோஸ்டிங்கில் (வாடகை சர்வரில்) இருக்கின்றன, அது மாதக் கடைசியில் முடிகிறது. அகப்பக்கம் செய்து கொடுத்த பையன், "நேம்சர்வரை மாத்துனா போதும் அங்கிள்" என்கிறான். போதுமா?

தைப்பிங் தம்பி:
பேசாமல் ஜிமெயிலுக்குப் போய்விடுங்கள் அண்ணே. இலவசம்.

சிப்புட் சாமான்கடை:
தம்பி, எல்லாத் தோட்டத்திலும் எங்கள் டொமைன் முகவரிதான் பதிவாகியிருக்கிறது. அதை மாற்ற ஒவ்வொரு ஆபீஸாக ஏற வேண்டும்.

ஈப்போ சர்வர்க்காரி:
அண்ணே, இப்போதைக்கு நேம்சர்வரைத் தொடாதீர்கள். உங்கள் டொமைனின் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதை மாற்றினால் அகப்பக்கம் மட்டுமல்ல, இமெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் புது இடத்தில் இருப்பதுதான் செல்லும். அங்கே உங்கள் இமெயில் பெட்டி இல்லையென்றால் வினை.

சர்வர் படுத்துவிட்டால்கூட அவ்வளவு பயமில்லை. அனுப்பும் சர்வர் பொதுவாகச் சில நாட்கள் விடாமல் முயன்று பார்க்கும். ஆனால் புது சர்வர் எழுந்து நின்று "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டால் கடிதம் அந்த நிமிடமே திரும்பிவிடும். கிராணி அதைப் படித்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார் என்று நினைக்கிறீர்களா?

முதலில் பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் நீட்டுங்கள். சில வெள்ளிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். புது ஹோஸ்டிங்கில் அதே பெயர்களில் பெட்டிகளைத் திறந்து, பழைய கடிதங்களை ஐமேப் (சர்வரில் இருக்கும் இமெயிலைப் படிக்கும் முறை) வழியாக நகல் எடுங்கள். பையனிடம் எம்எக்ஸ் பதிவையும், கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் புது இடத்தில் முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு எழுதினால் இரண்டும் செல்லாது. அப்புறம்தான் நேம்சர்வர். மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் பழைய பெட்டியையும் திறந்து பாருங்கள், சில கடிதங்கள் அங்கேதான் விழும்.

சிப்புட் சாமான்கடை:
நன்றிம்மா. பையன் இன்னொரு வழியும் சொல்கிறான். நேம்சர்வர் அப்படியே இருக்கட்டும், முதலில் டொமைன் பெயர் எந்த சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றி அகப்பக்கத்தைக் கொண்டுபோகலாமாம். எம்எக்ஸ் பதிவில் எங்கள் டொமைன் பெயரே இருக்கிறது.

ஈப்போ சர்வர்க்காரி:
அங்கேதான் மாட்டுவீர்கள். எம்எக்ஸ் டொமைன் பெயரையே காட்டினால், ஏ ரெக்கார்ட் போகும் இடத்துக்கு இமெயிலும் பின்னாலேயே போகும். 'மெயில்' என்று தனியாக ஒரு ஏ ரெக்கார்ட் போட்டு, பழைய சர்வரின் ஐபி எண்ணைக் கொடுத்து, எம்எக்ஸை அதற்குத் திருப்புங்கள். மற்ற சர்வர்கள் ஒரு பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை ஒரு நாள் முன்பே 300 நொடிக்குக் குறையுங்கள். புது ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் இமெயில் ரூட்டிங்கை 'ரிமோட்' (இமெயில் வேறு சர்வரில் இருக்கிறது) என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அகப்பக்கப் படிவத்தில் வரும் விசாரணைகள் வெளியே போகாமல் அந்த சர்வருக்குள்ளேயே தங்கிவிடும்.

சிப்புட் சாமான்கடை:
சரி, ஒரு மாதத்துக்கு நீட்டிவிட்டேன். மாற்றும் நாட்களில் ஆர்டரை வாட்ஸ்அப்பிலும் போடச் சொல்லிக் கிராணிகளிடம் சொல்லியாயிற்று.