தமிழ்ப் பால்புதுமையினருக்கு ஒரு கலைக்குழு: எங்கே தொடங்குவது?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
வணக்கம். மலேசியாவில் திருநங்கையரும் பால்புதுமை (குயர்) நண்பர்களுமாக எண்மர் சேர்ந்து, கும்மியும் சிறு நாடகமும் பழகி, அவற்றின் வழியே எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிப் பேச விரும்புகிறோம். ஒரு கிளினிக்கின் முகப்பில் அடையாள அட்டைப் பெயரை உரக்க அழைத்ததால், எங்களில் ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையிலிருந்தே திரும்பிவிட்டார். நாடகமும் அந்த வரிசையில்தான் தொடங்குகிறது. இதைப் பொது அரங்கில் நடத்தலாமா?

பினாங்குத் தோழி:
அவசரப்பட வேண்டாம். 2008இல் தொடங்கிய, பாலியல் உரிமைகளுக்கான செக்சுவாலிட்டி மெர்டேகா விழாவைக் காவல்துறை 2011இல் தடை செய்தது. குதவழி, வாய்வழிப் பாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகளும் நடப்பில் உள்ளன. ஆகவே பெயர்ப்பட்டியலோ படமோ எடுக்காமல், தெரிந்தவர்களை மட்டும் அழைத்து, ஒருவர் வீட்டுக் கூடத்தில் நடத்துவதே நல்லது. கும்மிக்கு மேடை எதற்கு?

சௌக்கிட் தன்னார்வலர்:
1987இல் பிங்க் டிரையாங்கிள் என்ற பெயரில் தொடங்கிய, எச்.ஐ.வி. சேவை அமைப்பான பி.டி. அறக்கட்டளையை அணுகிப் பாருங்கள். வசனத்தில் மருத்துவச் செய்தி துல்லியமாக இருக்கட்டும்: தொற்று வாய்ப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். நடிப்பவர்கள் இதை 'மூன்று நாள்' என்று சொன்னால், பார்ப்பவர் மூன்றாம் நாள் மாலைவரை காத்திருந்துவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
நன்றி. அந்த 72 மணியைக் கும்மிப் பாட்டின் பல்லவியிலேயே வைத்துவிடுகிறோம்.