மது மீட்புக்கான ஆதரவுக் குழுவை அருகிலேயே கண்டறிவது எப்படி?

கேள்வி

வணக்கம். நெடுநாளைய குடிப்பழக்கத்திலிருந்து விடுபட மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, அண்மையில் வீடு திரும்பியிருக்கிறேன். உடல் ஓரளவு தேறிவிட்டது; ஆனால் மாலையானால் மனம் பழைய வழியிலேயே போகப் பார்க்கிறது. இந்நிலையைக் கடந்து வந்தவர்களோடு தொடர்ந்து பேசுவது நல்லது என்று மருத்துவர் கூறினார். எங்கே செல்வது என்பதை மட்டும் கூறவில்லை. எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. அங்கே எனக்குத் தெரிந்தவர் எவரேனும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. இத்தகைய கூட்டங்களில் கடவுளைப் பற்றிப் பேசுவார்கள் என்கிறார்கள், எனக்கோ இறைநம்பிக்கை இல்லை என்பது மற்றொன்று. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்

வணக்கம் ஐயா. நானும் ஒரு குடிநோயாளிதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் துணையோடு பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறேன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியோடு போராடிய இருவர் சந்தித்து மனம்விட்டுப் பேசியதிலிருந்து தொடங்கிய அமைப்பு இது. அவர்களுள் ஒருவர் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்தவர், மற்றவர் அறுவை மருத்துவர்.

முதலில், தாங்கள் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள். மருத்துவமனை வளாகத்திலேயே கூட்டம் நடப்பது உண்டு. அதை மருத்துவரைவிட இவர்களே நன்கு அறிந்திருப்பார்கள். அடுத்து, அமைப்பின் இணையதளத்தில் அந்தந்தப் பகுதிக்கான தொலைபேசி எண்ணைப் பெறலாம். பல இடங்களில் அந்த எண்ணில் பேசுபவரும் குடியிலிருந்து மீண்டவராகவே இருப்பார், ஆகவே கூச்சப்படத் தேவையில்லை. இணையப் பட்டியலில் உள்ள நேரமும் இடமும் சில வேளைகளில் பழையனவாக இருக்கும் என்பதால், புறப்படும் முன் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அவ்வாறு பேசும்போது, அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தினர் உட்பட எவரும் வரலாம்; மூடிய கூட்டம் குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டுமானது. தெரிந்தவர் இருந்தால் என்ன செய்வது என்ற அச்சம் முதல் நாளில் எல்லோருக்கும் இருப்பதுதான். அவரும் தங்களைப் போன்ற காரணத்திற்காகவே அங்கே அமர்ந்திருப்பார். அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது குழுவின் மரபு. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

இரண்டாம் பதில்

தங்கள் இரண்டாம் தயக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நானும் நம்பிக்கையற்றவனே. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் மீட்பு வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. ஆயினும் அதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்றே கூறப்படுகிறது. குழுவையே தமக்கு மேலான சக்தியாகக் கருதிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இந்த விளக்கம் எனக்கு இன்றும் முழு நிறைவு தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படியும் தங்களுக்கு ஒவ்வாவிட்டால், 1994-இல் தொடங்கப்பட்ட ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு இருக்கிறது. குடிக்கத் தூண்டும் எண்ணங்களை அடையாளம் கண்டு சமாளிப்பதற்கான உளவியல் பயிற்சிகளே அதன் அடிப்படை. அதன் நேரடிக் கூட்டங்கள் எல்லா ஊர்களிலும் இல்லை என்றாலும், இணையவழிக் கூட்டங்களில் எங்கிருந்தும் கலந்துகொள்ள முடியும். நான் நடந்து செல்லும் தூரத்தில் இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுதான் என்பதால் அங்கேயே செல்கிறேன். கொள்கைப் பொருத்தத்தைவிட, சோர்ந்திருக்கும் நாளிலும் போய்ச் சேர முடிகிற தூரமே முக்கியம் என்பது என் கருத்து.

மூன்றாம் பதில்

மனநலப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். குழுவில் சேர்ந்தாலும், குடியிலிருந்து விலகியிருக்க உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மருத்துவர் தந்திருந்தால் அவற்றைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். சக உறுப்பினர் எவரேனும் நிறுத்தச் சொன்னால், அதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். இதைப் படிப்பவர்களில் இன்னும் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர்கள் இருந்தால், குழுவை மட்டும் நம்பித் திடீரென நிறுத்திவிடக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும் உயிருக்கு ஆபத்தான நடுக்க நிலையும் ஏற்படக்கூடும். அவர்கள் முதலில் மருத்துவரையே பார்க்க வேண்டும்.

நான்காம் பதில்

என் கணவர் குடிநோயிலிருந்து மீண்டு வருபவர். குடிப்பவரின் குடும்பத்தினருக்காக 1951-இல் தொடங்கப்பட்ட அல்-அனான் குழுவுக்கு நான் செல்கிறேன். அவர் குடித்தாரா என்று வேவு பார்ப்பதை விட்டுவிட அங்கேதான் கற்றேன். தங்கள் வீட்டிலும் எவரேனும் துணையாக இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சமூகப் பணியாளரிடம் பேசினேன். மாலை நேரத் திறந்த கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அந்தக் குழு எனக்குப் பொருந்தவில்லை என்றால் என்ன செய்வது?

முதல் பதில் எழுதியவர்

வேறு குழுவுக்குச் செல்லுங்கள் ஐயா. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு குழுவின் இயல்பும் வேறு. ஆனால் ஒரே கூட்டத்தை வைத்து முடிவெடுக்காமல் சில வாரங்கள் சென்று பாருங்கள். ஸ்பான்சர் என்னும் வழிகாட்டியைத் தேடவும் அவசரப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல், மனதுக்குப் பட்ட இரண்டொருவரின் தொலைபேசி எண்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத மாலைகளில் அவைதான் உதவும்.