அரிசிப் பானையில் கிடைத்த தோடு

மாமியாருக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் என்று தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் உடம்பு அலுப்பு, படுத்தால் போய்விடும். எனக்குப் பொறுக்கமுடியாமல் போனது வேறு. "என் தோட்டை இவள் எடுத்துவிட்டாள்" என்று அத்தை சொன்ன அன்று, கணவர் என்னைத் தனியே அழைத்து, "நீ எங்கேயாவது எடுத்து வைத்தாயா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தோடு கிடைத்தது, அரிசிப் பானைக்குள், கைக்குட்டையில் முடிந்தபடி. அரிசி அளக்கப் போனவர் கணவர்தான். உழக்கும் கையுமாக வெகுநேரம் நின்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் அவரும் வந்தார். அதுவரை நான்தான் தனியாக ஆட்டோவில் அழைத்துப் போவேன். வைத்த இடம் மறந்துபோகும், தான் வைத்ததே நினைவிருக்காது, ஆகவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மனம் முடிவு கட்டிவிடும், பழி பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மேல்தான் விழும் என்று டாக்டர் விளக்கினார். இதையே நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பரவாயில்லை, அன்றாவது அவர் காதில் விழுந்தது. உங்கள் கணவரையோ மனைவியையோ ஒருமுறையாவது டாக்டரிடம் உடன் அழைத்துப் போங்கள்.

பொங்கலுக்கு நாத்தனார் வந்திருந்தபோது, கூடத்தில் எல்லோர் முன்னாலும் அத்தை மறுபடி தொடங்கினார். கணவர் தன் அம்மாவிடம் வாதாடவில்லை. "தேடித் தருகிறேன் அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் அக்காவிடம், "இவள் எடுக்கமாட்டாள். இனி இதை யாரும் இவளிடம் கேட்க வேண்டாம்" என்றார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அப்போதிலிருந்து இரவுகள் அவருடைய பொறுப்பு. அத்தையின் கட்டிலருகே பாய் விரித்துப் படுக்கிறார். ஒரு சமயம் இரண்டே நாளில் அத்தை ஆளே மாறிப் பிதற்றத் தொடங்கினார். நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்ததைக் கவனித்திருந்தவர் அவர்தான். சோதித்தால் சிறுநீர்த் தொற்று! மருந்து கொடுத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பினார். திடீர் மாற்றம் என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

இப்போது நாத்தனார் மாதத்தில் இரண்டு நாள் வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறார். அக்காவிடம் பேசி ஏற்பாடு செய்தவர் அவர். நான் கேட்கவே இல்லை.