சாயம் வேண்டாங்க, துலக்கின்னு வைக்கலாம்

உமிழ்நீர்ச் சுரப்பி எக்ஸ்ரேக்கு உள்ள விடுற கான்ட்ராஸ்ட் மருந்தை நோயாளிகளுக்கான நோட்டீஸ்ல "சாயம்"னே எழுதிடலாம்னு இங்க அண்ணா ஒருத்தர் சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. நீலகிரியில சாயம்னாலே டீத்தூள் கலப்படம்தான் ஞாபகம் வரும். கோத்தகிரி பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, எஸ்டேட்ல இலை பறிக்கிறவங்க, சாயம்னதும் வாயெல்லாம் கலராயிடுமா உள்ளயே தங்கிடுமான்னு ரொம்ப பயந்துட்டாங்க. இத்தனைக்கும் அது எதையும் கலராக்கறதே இல்ல, அந்த வகை மருந்துல ஒண்ணான ஐயோஹெக்சால் பார்க்க தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், அதுல இருக்கற அயோடின் எக்ஸ்ரேயை உறிஞ்சறதால உமிழ்நீர் வர்ற குழாய் மட்டும் படத்துல வெள்ளையா எடுப்பா தெரியுது, அவ்ளோதான்.

அதனாலதான் துலக்கி. பாத்திரம் துலக்குற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொன்னார், இருந்துட்டு போகட்டுமே, துலங்கறதுன்னா தெளிவா தெரியறது, தெரிய வைக்கிறது துலக்கி. கான்ட்ராஸ்ட் மீடியத்தை அப்படியே மொழிபெயர்த்த "மாறுபாட்டு ஊடகம்" நோயாளிகிட்ட சொல்ல வாயில வராது.

இன்னொண்ணு, எண்ணெயா நீரான்னு பேர்லயே வரணும், ஏன்னா தேர்வே அதுலதான் இருக்கு. 1901ல பிரான்சுல வந்த லிப்பியோடால் கசகசா விதை எண்ணெயில அயோடின் சேர்த்தது. படம் அடர்த்தியா விழும், ஆனா கொழகொழன்னு இருக்கறதால அழுத்தித் தள்ளணும், வலிக்கும், குழாயை விட்டு வெளிய கசிஞ்சா சீக்கிரம் கரையாது, அந்த இடத்துல அழற்சிக் கட்டி வரலாம். நீர்ல கரையறது மெல்லிசு, நுண்ணிய கிளைக்குழாய் வரைக்கும் போகும், உமிழ்நீரோட வெளிய வந்துடும். சீக்கிரம் நீர்த்துப் போறதால உடனே படம் எடுத்தாகணும், அது ஒரு குறை. வாயும் கண்ணும் வறண்டு போற ஷோக்ரன் நோய்ல குழாயே கசியும், அங்க எண்ணெய் வேண்டவே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

செய்முறையும் நோட்டீஸ்ல எழுதணும். காதோரச் சுரப்பியோட குழாய் மேல் ரெண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்துல திறக்குது, நாக்குல எலுமிச்சை சாறு ரெண்டு சொட்டு விட்டா அந்தத் துளையில உமிழ்நீர் முத்து மாதிரி துளிர்க்கும், அதைப் பார்த்துத்தான் மெல்லிய குழாயை நுழைப்பாங்க. அரை மில்லியிலிருந்து ஒன்றரை மில்லி வரைக்கும் போதும், கன்னம் இறுக்கமா இருக்குன்னதும் நிறுத்திடணும். சீழ் பிடிச்சு வீங்கியிருக்கறப்ப செய்யவே கூடாது. அயோடின் மருந்து முன்னாடி ஒத்துக்காம போயிருந்தா முதல்லயே சொல்லிடணும்.

"கதிர்மறைப்பி"யும் நல்ல சொல்தான், அயோடினுக்கும் பேரியத்துக்கும் கச்சிதமா பொருந்தும், ஆனா எம்ஆர்ஐக்குப் போடுற கடோலினியம் கதிரை மறைச்சு வேலை செய்யறதில்லையே, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல விடுற நுண்குமிழியும் அப்படித்தான். துலக்கின்னா எல்லாத்துக்கும் செல்லும். நீர்த்துலக்கி, எண்ணெய்த்துலக்கி, ரெண்டையும் நோட்டீஸ்ல போட்டுடலாங்களா?