2017 பினாங்கு வெள்ளத் தண்ணீர் உப்புக் கரித்ததா, இல்லையா?

ஜெலுத்தோங்காரன்: ஒரு வீட்டுத் தரகர் போட்ட செய்தி நேற்றிலிருந்து நம் ஆட்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றுகிறது. "2017-இல் வந்தது நூறு வருட வெள்ளம். இனி பேரன் காலத்தில்தான் வரும். சுங்கை பினாங்கு ஆற்றுப் பக்கம் விலை இறங்கியிருக்கும்போதே வாங்கிப் போடுங்கள்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அன்று நவம்பர் 4, சனிக்கிழமை, ஐப்பசிப் பௌர்ணமி, கடல் அதிகம் ஏறும் நாள். மதியம் பிடித்த மழை ஞாயிறு காலை வரை விடவில்லை. பினாங்கில் ஏழு உயிர் போனது. எங்கள் வீட்டில் அரிசி வாளி மிதந்து போய் சாமி மேடையில் இடித்து நின்றது. லோங்காங் (சாக்கடை) தண்ணீர் வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பியது ஏன்? கடல் ஏறி நின்றது. அதை மறைத்து வீடு விற்காதீர்கள்.

மலையடிவாசி: கடல் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்ததா? தண்ணீர் உப்புக் கரித்ததா?

ஜெலுத்தோங்காரன்: கடல் வீட்டுக்குள் வந்தது என்று எங்கே சொன்னேன்? ஆறு கடலில் சேரும் வாயில் கடல் உயர்ந்து நின்றால் ஆற்றுத் தண்ணீர் எங்கே போகும்? பின்னால் தேங்கும். தேங்குவது மழைத் தண்ணீர்தான்.

மலையடிவாசி: ஆக, உப்புக் கரிக்கவில்லை. அப்புறம் பௌர்ணமியை ஏன் இழுக்கிறீர்கள்? பாயா தெருபோங்கில் மலை சரிந்ததற்கும் பௌர்ணமிதான் காரணமா? அதே வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர் செத்தார்கள். இரண்டு வாரத்தில் இந்த வெள்ளம். மலையை மொட்டையடித்தவனை விட்டுவிட்டு நிலாவைப் பிடிக்கிறீர்கள்.

கணக்கு வாத்தியார்: இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். "நூறு வருட வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருடம் வந்ததால் இந்த வருடம் வராது என்று கிடையாது. 30 வருடம் வீட்டுக் கடன் கட்டுபவர் அதற்குள் ஒரு முறையாவது அதைப் பார்க்க 26 விழுக்காடு வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்றுக்கு மேல். அந்தக் கணக்கும் பழைய மழைப் பதிவை வைத்துப் போட்டது. 1901-இலிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கடல் உயர்ந்தால் கடலோரத்துக்குப் போட்ட கணக்கும் மாறும். வெள்ளம் வரும் வாய்ப்பு ஒன்று, வந்தால் நமக்கு ஏற்படும் சேதம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இடர் மதிப்பீடு.

மலையடிவாசி: நல்லது சார். ஆனால் தண்ணீர் உப்புக் கரித்ததா என்று கேட்டேன்.

செந்தூல் தம்பி: கேஎல்லில் (கோலாலம்பூரில்) வெள்ளத் தண்ணீரைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் 2007-லேயே திறந்தாகிவிட்டது. பினாங்கிலும் ஒன்று தோண்டினால் முடிந்தது.

ஜெலுத்தோங்காரன்: தம்பி, கேஎல்லுக்குக் கடல் கிடையாது. கடல் ஏறி நிற்கும்போது எங்கள் சுரங்கத்துத் தண்ணீரை எங்கே கொட்டுவாய்? 2021 டிசம்பர் 18 அன்று உங்கள் ஊர் வெள்ள நிலைமையைத் தொலைக்காட்சியில் நாங்களும் பார்த்தோம்.

செந்தூல் தம்பி: சுரங்கம் இல்லாவிட்டால் அன்று இன்னும் மோசமாகியிருக்கும். பினாங்கு ஆட்களுக்கு யோசனை சொன்னால் கோபம்தான் வரும்.

மலையடிவாசி: அவர் அப்படித்தான். தைப்பூசத்துக்குத் தங்க ரதமா வெள்ளி ரதமா என்று பேசியபோதும் மற்றவர்களை வாய் திறக்க விடவில்லை.

ஜெலுத்தோங்காரன்: ரதத்தை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்று பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பட்டர்வொர்த் அக்கா: சண்டையை விடுங்கள். என் வீட்டில் மின்சாரப் பிளக்குகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். மாமியாரின் சர்க்கரை மருந்தும் வீட்டு கிராண்டும் (பட்டா) ஒரே பையில், அலமாரி மேல்தட்டில். கடலோரத்தில் பாக்காவ் (அலையாத்தி) மரங்களை வெட்டாமல் இருந்தாலே அலையின் வேகம் பாதி அடங்கும் என்று எங்கள் கம்பத்து (கிராமத்து) மீனவர்கள் அன்றிலிருந்து சொல்கிறார்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் தரையைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள். பழைய தண்ணீர்க் கோட்டின் மேல் புதுச் சாயம் அடித்திருப்பார்கள்.

மலையடிவாசி: பாக்காவ் நல்லதுதான் அக்கா, ஆனால் அது அலைக்கு. ஜாலான் பி. ரம்லி தெருவுக்கு எந்த அலை வந்தது? மழை ராத்திரி முழுவதும் பெய்தது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். வற்றிய நேரத்தில் தண்ணீர் ஏன் வடியவில்லை? இதற்கு அவர் பதில் சொல்லவே மாட்டார்.

ஜெலுத்தோங்காரன்: சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவை மேசை மேல் உட்கார வைத்துவிட்டு, வாசல் படியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். கோட்டைத் தண்ணீர் தாண்டும், நிற்கும், மறுபடி தாண்டும். மழை ஒரே சீராகத்தான் அடித்தது. சீரான மழைக்கு அது ஏன் நின்று நின்று ஏறியது? நீங்கள் அன்று மலையடியில் காய்ந்த மெத்தையில் படுத்திருந்தீர்கள்.

மலையடிவாசி: காய்ந்த மெத்தையா? எங்கள் பின்சுவர் அன்றுதான் விழுந்தது. அம்மா மேல் சேறு. வெறும் கையால் அள்ளினேன். அதில் உப்பு இல்லை, செம்மண்தான் இருந்தது.

கணக்கு வாத்தியார்: மலையில் மரம் போனால் தண்ணீர் வேகமாக இறங்கும். கடல் ஏறினால் மெதுவாக வடியும். இரண்டும் ஒரே ராத்திரியில் நடக்கலாம். ஏன் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்?

ஜெலுத்தோங்காரன்: ஏனென்றால் அந்தத் தரகர் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை சார். என் தங்கை மாப்பிள்ளை அதே வரிசையில் முன்பணம் கட்டப் போகிறார். வருகிற அமாவாசைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், சுங்கை பினாங்குப் பாலத்தில் நின்று, கடல் ஏறும்போது ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டப் போகிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம்.

மலையடிவாசி: வருகிறேன். மழை இல்லாத நாளில் ஆறு பின்னால் ஓடினால் என்ன, வீட்டுக்குள்ளா வந்துவிடும்? அந்தத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து உங்கள் வாயிலேயே ஊற்றுகிறேன். உப்பா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.