சைட் போட்டு 3 மாதம் ஆச்சு, கூகுளில் வரவே இல்லை – அவசரம்

ஊசிமுனை:
வணக்கம். எங்கள் தொழிலுக்கு வெப்சைட் போட்டு 3 மாதம் ஆகிறது. கூகுளில் வரவே இல்லை. எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறோம். எஸ்இஓவுக்கு (தேடலில் முன்னால் வர) என்ன செய்ய வேண்டும்? நாளைக்குள் பார்ட்னருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கரும்பலகை:
எதைத் தேடினீர்கள்? நிறுவனப் பெயரையா, நீங்கள் செய்யும் வேலையையா? இரண்டும் வேறு வேறு நோய். என்ன தொழில், சைட் எதில் செய்தது, சர்ச் கன்சோலில் (நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் கருவி) சேர்த்தாச்சா?

வேகத்தடை:
வேகம்தான் காரணம். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். படங்களைச் சுருக்குங்கள், மற்றது தானாக நடக்கும்.

நள்ளிரவு:
வேர்ட்பிரஸ்தானே? அமைப்புகளில் ‘வாசிப்பு’ பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் இருக்கும். கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள்.

ஊசிமுனை:
டிக் எங்கேயும் இல்லை. நன்றாகத் தேடிவிட்டேன்.

நள்ளிரவு:
எந்த வெர்ஷன்?

ஊசிமுனை:
வேர்ட்பிரஸ் இல்லை. தெரிந்த தம்பி ஒருவர் கையாலேயே ஹெச்டிஎம்எல் எழுதிக் கொடுத்தார். 9 பக்கம். தையல் மெஷின் சர்வீஸ். சர்ச் கன்சோலில் போன மாதமே சேர்த்தாச்சு.

நள்ளிரவு:
அதை முதலிலேயே சொல்லக் கூடாதா அண்ணா? உங்களுக்காக ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

பழங்கை:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மேலே தேடல் பெட்டி இருப்பது யார் கண்ணிலும் படாது போலிருக்கிறது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். கூகுள் அட்டவணையில் ஏறுவது ஒன்று, வரிசையில் முன்னால் வருவது வேறு. பள்ளியிலேயே சேர்க்காத பிள்ளைக்கு என்ன ரேங்க் என்று கேட்டால் யார் பதில் சொல்வது? கூகுளில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் உங்கள் முகவரியைப் போடுங்கள். எத்தனை பக்கம் வருகிறது என்று சொல்லுங்கள். அதுவரை மற்றவர்கள் மருந்து எழுதாமல் இருந்தால் நல்லது.

சொல்வங்கி:
கீவேர்ட்ஸ் மெட்டா டேக், அதாவது பக்க மூலத்தில் தேடுசொற்களை அடுக்கும் வரி, போட்டீர்களா? 30, 40 சொல் போடுங்கள்.

பழங்கை:
அந்த டேக்கை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. நீங்கள் எந்த ஆண்டில் இருக்கிறீர்கள்?

சொல்வங்கி:
போட்டால் கெட்டா போய்விடும்?

கரும்பலகை:
கெடாது, வீண் வேலை. அந்த நேரத்தில் டைட்டிலை, அதாவது தேடலில் தெரியும் பக்கத் தலைப்பை, எழுதலாம். ஊசிமுனை, 9 பக்கத்துக்கும் டைட்டில் என்ன?

ஊசிமுனை:
எல்லாவற்றிலும் ‘முகப்பு’ என்று இருக்கிறது. பார்ட்னர் ‘தையல் இயந்திரப் பழுதுநீக்கம்’ என்று மாற்றச் சொல்கிறார்.

நள்ளிரவு:
யாரும் அப்படித் தேட மாட்டார்கள். மெஷின் நின்றுபோய், பாதி தைத்த துணி கையில் இருக்கும்போது ‘தையல் மெஷின் ரிப்பேர்’ என்றுதான் விரல் போகும். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ஊசி உடைகிறது என்றும் தேடுவார்கள். அதற்கெல்லாம் தனித்தனிப் பக்கம் வையுங்கள்.

சொல்வங்கி:
நாம் எழுதாததால்தான் யாரும் தேடுவதில்லை. வெப்சைட்டிலும் தமிழைத் துரத்திவிட்டால் அப்புறம் அது எங்கே போகும்?

நள்ளிரவு:
வெப்சைட் என்று எழுதித்தான் இதைச் சொல்கிறீர்கள் :)

கரும்பலகை:
டைட்டிலில் மக்கள் சொல்லும் சொல், உள்ளே இரண்டும். சண்டை வேண்டாம்.

தொடுப்பு:
பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) இல்லாமல் ஒன்றும் நடக்காது. மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் ஆள் எனக்குத் தெரியும்.

பழங்கை:
அப்படி வாங்கிய தளங்களைத்தான் 2012-இல் கூகுளின் பெங்குயின் அப்டேட் வந்து கவிழ்த்தது. வேண்டாம்.

ஊசிமுனை:
நீங்கள் சொன்னபடி போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம்கூட வரவில்லை. நிறுவனப் பெயரைத் தேடினால் டெஸ்ட் சைட் மட்டும் வருகிறது, அதில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கரும்பலகை:
டெஸ்ட் சைட்டா? அது எங்கிருந்து வந்தது?!

ஊசிமுனை:
தம்பி முதலில் எங்களுக்குக் காட்டுவதற்காக அவருடைய இடத்தில் போட்டது. அதுவும் இதுவும் ஒன்றேதான், முகவரி மட்டும் வேறு. முக்கியம் என்று நினைக்கவில்லை.

கரும்பலகை:
முக்கியமே அதுதான். உங்கள் நிஜ முகவரியில் ஒரு பக்கத்தைத் திறந்து, வலது கிளிக் செய்து, பக்க மூலத்தைப் பாருங்கள். மேல்பகுதியில் ‘கேனனிக்கல்’ என்று ஒரு வரி இருக்கிறதா? அதில் எந்த முகவரி இருக்கிறது?

ஊசிமுனை:
இருக்கிறது. டெஸ்ட் முகவரி. 9 பக்கத்திலும்.

கரும்பலகை:
ஒரே சரக்கு இரண்டு முகவரியில் இருந்தால் எது அசல் என்று கூகுளுக்குச் சொல்லும் வரி அது. உங்கள் சைட்டே ‘நான் நகல், அசல் அங்கே இருக்கிறது’ என்று கைகாட்டிக்கொண்டு நிற்கிறது. சர்ச் கன்சோலில் முகவரியைப் பரிசோதிக்கும் இடத்தில் பாருங்கள், நீங்கள் அறிவித்த கேனனிக்கல், கூகுள் தேர்ந்தெடுத்த கேனனிக்கல் என்று இரண்டு தனியாகக் காட்டும். அந்த வரியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் நிஜ முகவரியைப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முகப்பையே போட்டுவிடப் போகிறார், கவனம்.

வேகத்தடை:
டெஸ்ட் சைட்டை ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டால் போதுமே?

பழங்கை:
போதாது. அது உள்ளே நுழைந்து படிக்காதே என்ற பலகைதான், அட்டவணையிலிருந்து நீக்காது. தடுத்த முகவரியும் வெறும் இணைப்பாகத் தேடலில் வரலாம். தடுத்தால் உள்ளே நாம் வைக்கும் ரீடைரக்டும் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) கூகுளுக்குத் தெரியாது. டெஸ்ட் முகவரியின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அதே நிஜப் பக்கத்துக்கு 301, அதாவது நிரந்தர ரீடைரக்ட், போடச் சொல்லுங்கள். ஓர் ஆண்டாவது இருக்கட்டும். ரோபோட்ஸ் கோப்பைத் தொட வேண்டாம்.

வேகத்தடை:
வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கரும்பலகை:
மாற்றிய பிறகு சர்ச் கன்சோலில் முகப்புக்கு மட்டும் அட்டவணைக் கோரிக்கை கொடுங்கள், சைட்மேப்பையும் (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) சமர்ப்பியுங்கள். ஒரே பக்கத்துக்குத் தினமும் கோரிக்கை கொடுத்தால் சீக்கிரம் வந்துவிடாது. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பார்ட்னரிடம் நாளை என்று சொல்லிவிடாதீர்கள்.

ஊசிமுனை:
சொல்லிவிட்டேன்.

*(16 நாள் கழித்து)*

கரும்பலகை:
என்ன ஆச்சு? வந்ததா?

ஊசிமுனை:
6 பக்கம் வந்திருக்கிறது. நிறுவனப் பெயரைத் தேடினால் நம் முகவரிதான் முதலில். நன்றி எல்லோருக்கும். வேலைப் பெயரில் இன்னும் இல்லை.

நள்ளிரவு:
டைட்டிலை மாற்றினீர்களா?

ஊசிமுனை:
மாற்றினோம். பார்ட்னர் ‘தையல் இயந்திரப் பழுதுநீக்கம்’தான் என்று நிற்கிறார்.

சொல்வங்கி:
பார்ட்னருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.