கோத்தகிரி குளிரில் நாயனம் சுருதி இறங்குது, பறை தொய்யுது

கேள்வி: தம்பி ஒருத்தர் நையாண்டி மேள செட்டு, கோயில் மேளம், பறைக்குழு மூன்றிலும் மாறி மாறி வாசிக்கிறார். கோத்தகிரியில் ராத்திரித் திருவிழா என்றால் நாயனம் (நாகஸ்வரம்) சுருதிப்பெட்டியோடு சேரவில்லை. பறையும் தொய்ந்துவிடுகிறது. என்ன வழி?

பதில் 1: குழலுக்குள் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், சுருதி அளவான கட்டையில், 1 கட்டைக்கும் 1½ கட்டைக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருதி இறங்கும். வாசிக்கும் முன் நாயனத்தைச் சால்வைக்குள் வைத்து, 5 நிமிடம் மூச்சு ஊதிச் சூடேற்றச் சொல்லுங்கள். அப்படியும் சேராவிட்டால் கெண்டையில் (சீவாளி என்ற ஊதும் நாணலைத் தாங்கும் சிறு உலோகக் குழாய்) சுற்றிய நூலை இரண்டு சுற்றுக் குறைத்து உள்ளே இறக்கலாம். நெருப்பருகே மட்டும் கொண்டுபோகவே கூடாது! சீவாளி வெடிக்கும், கீழ்த்துளைகளில் அடைத்த மெழுகு உருகிவிடும்.

பதில் 2: ஒரே நாயனத்தில் எல்லா செட்டையும் சமாளிக்கப் பார்க்கிறாரோ? நாயனத்தில் இரண்டு வகை: திமிரி குட்டை, சுருதி உயரம். பாரி நீளம், சுருதி தாழ்வு, டி.என்.ராஜரத்தினம் பிள்ளை பரப்பியது. நூலைக் குறைத்து ஒன்றை மற்றொன்றாக்க முடியாது, ஸ்வர இடைவெளியே கெட்டுவிடும். இரண்டும் வேண்டும், சீவாளியும் தனித்தனி.

பதில் 3: பறையைத் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்க வைக்கோல் கட்டு கீழேயிருந்தே எடுத்துப் போங்க. மலையில் கிடைக்கும் காய்ந்த தைலமர இலை எண்ணெய்ப்பசையால் குபீரென்று எரிந்து தோலைக் கருக்கிவிடும். தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுற்றிக்கொண்டே அடிக்குச்சியால் தட்டிப் பாருங்க. ‘தொம்’ போய் ‘கணீர்’ வந்ததும் எடுத்துடணும். அதிகம் காய்ந்தால் புளியங்கொட்டைப் பசை விட்டுச் சட்டத்தோரம் தோல் பிரியும். பனி இறங்கும் ராத்திரியில் அரை மணிக்கு ஒருமுறை காய்ச்சணும்.